முறிந்த ராடும் முரட்டு மீனும்

ஆழ்கடல் தூண்டிலில் இப்போதைய பேச்சு ‘ஸ்லோ பிட்ச் ஜிக்கிங்’. பெரிய மீனைத் தாங்கும் ராடு எது என்று தேடிப் போனால், கேள்வியையே திருத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது!

“தாழ்த்துங்க சார்... ராடைத் தாழ்த்துங்க!”

படகோட்டி அண்ணன் கத்தியது காதில் விழுந்தது. கைக்குத்தான் எட்டவில்லை.

ஹேவ்லாக் என்றால் எல்லோருக்கும் தெரியும். இப்போது அரசாங்கக் கணக்கில் அது ஸ்வராஜ் தீவு. அந்த அந்தமான் தீவுக்குக் கிழக்கே, காலை ஏழு மணி. எக்கோ சவுண்டர் திரையில் ஆழம் 112 மீட்டர். அடியில் ஒரு பாறைத் திட்டு சிவப்புக் கறையாகத் தெரிந்தது. 250 கிராம் ஜிக் (உலோகத்தில் செய்த போலி இரை) தரையைத் தட்டியதும் ரீலின் கைப்பிடியை நான்கு சுற்றுச் சுற்றியிருப்பேன். ஐந்தாவது சுற்று வரவில்லை. கீழே யாரோ நூலைப் பிடித்துத் தொங்குவதுபோல் ஒரு கனம். ரீலில் நூலை இழுத்துப் பிடிக்கும் பிரேக்கான டிராக் அலறத் தொடங்கியது. பயந்துபோன ஆள் என்ன செய்வானோ அதையே செய்தேன். இரண்டு கையாலும் ராடை வானத்தைப் பார்க்கத் தூக்கினேன்.

கொட்டாங்கச்சியை மிதித்து உடைத்த மாதிரி ஒரு சத்தம். ராடின் மேல் இரண்டடி, நூலில் கோத்த ஊசிபோல வழுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் போனது. பின்னாலேயே நூலும் பாறையில் உரசி அறுந்தது. கையில் மிச்சமிருந்தது ரீலும் நாலரை அடிக் குச்சியும். 40,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஜப்பான் ராடு. வயது பதினோரு நாள்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டிவிட்டுச் சொன்னார்: “கம்பு மீனை இழுக்காது சார். கம்பு ஜிக்கை ஆட்டும், அவ்வளவுதான். மீனை இழுக்கிறது அந்த டப்பா.” விரல் ரீலைக் காட்டியது.

ராடு வாங்குவதற்கு முன் பல வாரம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். இந்த ஒரு வரியை யாராவது முதலில் சொல்லியிருந்தால் அந்த நாற்பதாயிரம் பிழைத்திருக்கும்.

இலை விழுகிற மாதிரி

பழைய பாணி ஜிக்கிங்கில் தோள்தான் இயந்திரம். ஈயமும் இரும்புமான நீள ஜிக்கைக் கீழே இறக்கி, படபடவென்று இழுத்து மேலே ஓட்டுவார்கள். துரத்துகிற மனநிலையில் இருக்கும் மீன் பாயும். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். சோம்பிக் கிடக்கும் மீனோ திரும்பிக்கூடப் பார்க்காது.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் ஜப்பானியர்கள். நோரிஹிரோ சாட்டோ என்ற தூண்டில்காரரைத்தான் இந்த முறையின் தந்தை என்கிறார்கள். அவர் கையில் ராடு ஒரு வில் ஆனது. ரீலை ஒரு சுற்று, அரைச் சுற்று, சில சமயம் கால் சுற்று மட்டும் சுற்றுவது. இந்த ஒரு அளவுக்குத்தான் ‘பிட்ச்’ என்று பெயர். சுற்றும்போது ஜிக்கின் எடையில் ராடு வளைகிறது. நிறுத்தியதும் தானே நிமிர்கிறது. நிமிர்கிற அந்த உதறலில் நூறு மீட்டர் கீழே ஜிக் எம்பிக் குதித்துப் படுக்கை வாட்டத்தில் திரும்பும். பிறகு அரச மரத்து இலை காற்றில்லாத நாளில் விழுவதுபோல, இப்படியும் அப்படியும் ஆடியபடி இறங்கும். பெரும்பாலான மீன்கள் கவ்வுவது அந்த இறக்கத்தில்தான். அடிபட்ட சிறு மீன் சாகப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ!

ஆக, இந்த ராடு உருவானதே 200, 300 கிராம் ஈயத்தைத் துள்ளவைப்பதற்காக. இருபது கிலோ மீனைத் தூக்குவது அதன் வேலைப் பட்டியலில் முதலில் இல்லை. பார்த்தால் விரல் தடிமன்கூட இருக்காது. முதல்முறை கடையில் கையில் எடுப்பவர்கள் ‘இதுவா?’ என்று கேட்பதும், உடனே அதைவிடத் தடித்த ஒன்றைக் கேட்டு வாங்குவதும் வழக்கம். அங்கேதான் முதல் தப்பு.

பெட்டிச் செய்தி: ராடு மேல் எழுதியிருப்பது என்ன?

B684 என்று இருந்தால்: B என்பது மேலே உட்காரும் உருளை ரீலுக்கானது. 68 என்பது 6 அடி 8 அங்குலம். கடைசி 4, பவர்.

603-4 என்று இருந்தால்: 6 அடி 3 அங்குலம், பவர் 4.

பவர் எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 4, இன்னொன்றின் 3 ஆகவோ 5 ஆகவோ இருக்கலாம். ஒப்பிட வேண்டியது, பரிந்துரைக்கும் ஜிக் எடையை.

PE என்பது பின்னல் நூலின் ஜப்பானிய அளவு. PE 1 என்றால் 200 டெனியர். சேலைக் கடையில் கேட்கும் அதே டெனியர்தான். PE 3 என்றால் 600 டெனியர், குறுக்களவு சுமார் 0.285 மில்லிமீட்டர்.

கம்பே இல்லாதவர்கள்

கன்னியாகுமரியிலோ தூத்துக்குடியிலோ கைத்தூண்டில் போடும் வள்ளத்தில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். கம்பு கிடையாது. நரம்பு, ஈயக்குண்டு, தூண்டில் முள், இரை. விரலில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய உறை. முடிந்தது. இதை வைத்துக்கொண்டே ஆளுயரக் களவாவையும் பாறை மீனையும் ஏற்றிவிடுகிறார்கள். கம்பு இல்லாததால் முறிய எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், மீனின் இழுப்பு நேர்க்கோட்டில் கைக்கு வருகிறது. கை அதே நேர்க்கோட்டில் திருப்பி இழுக்கிறது.

கம்பு வந்ததும் கணக்கு மாறுகிறது, அதுவும் மீனுக்குச் சாதகமாக. ராடின் அடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறோம். அங்கிருந்து முன்கை பிடிக்கும் இடம் 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். டிராக் 6 கிலோ. முன்கையிலிருந்து நூல் இறங்கும் இடம் வரை ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு இருந்தால், முன்கை தாங்க வேண்டிய சுமை 21 கிலோ. ராடின் நுனியைத் தண்ணீரைப் பார்க்கத் தாழ்த்துங்கள். அந்த ஒரு மீட்டர் 30 சென்டிமீட்டர் ஆகும். சுமை பத்தரைக் கிலோ. மீனுக்கு இரண்டு தடவையும் அதே 6 கிலோதான். வித்தியாசமெல்லாம் நம் தோளுக்கும் இடுப்புக்கும்.

கிணற்று ஏற்றத்தில் நெம்புகோல் நம் பக்கம் வேலை செய்யும். தூண்டில் கம்பில் அது மீன் பக்கம். விறைப்பான தடி ராடு வாங்குகிறவர் அந்த ஒரு மீட்டரைக் குறையவே விடாமல் காசு கொடுத்து வாங்குகிறார். நன்றாக வளைகிற ராடு தானாகவே நீளத்தைச் சுருக்கிக்கொள்கிறது. முரட்டு மீனோடு இருபது நிமிடம் நின்றவர்களுக்கு இது இடுப்புவலியாகவே விளங்கும்.

எப்படி முறிகிறது?

நான் உடைத்த கதைக்கு வருவோம். தாழ்ந்த கோணத்தில் இருக்கும்போது சுமை நடுப்பகுதிக்கும் தடித்த அடிப்பகுதிக்கும் இறங்குகிறது. நிமிர்த்திப் பிடித்தால் சுமை முழுக்க நுனிப்பகுதிக்கு ஏறி, சீப்பு வளைந்த மாதிரி ஒரே இடத்தில் மடங்குகிறது. கார்பன் ராடு உள்ளே வெற்றான குழாய். அளவுக்கு மீறி வளைந்தால் வட்டமான குழாய் நசுங்கி முட்டை வடிவமாகும். அடுத்த கணம் வெடிக்கும். முரட்டு மீனே வேண்டாம், தரைப் பாறையில் மாட்டிய ஜிக்கை இப்படி நிமிர்த்தி இழுத்தாலே போதும். ஜிக் மாட்டினால் ராடைக் கீழே வைத்துவிட்டு, நூலை ஒரு கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும். கையில் சுற்றி இழுத்தவர்களின் விரலைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கார்பனுக்கு 24 டன், 30 டன், 40 டன் என்று கணக்குச் சொல்வார்கள். ‘40 டன் தாங்குமா!’ என்று வாய்பிளக்க வேண்டியதில்லை. அது இழையின் விறைப்புக்கான அளவு. எண் ஏற ஏற ராடு எடை குறையும், நிமிரும் வேகம் கூடும். கூடவே, உடையாமல் வளையும் தூரம் குறையும். சின்ன அடியையும் தாங்காது. கடல் ஆடும்போது தொங்குகிற 300 கிராம் ஜிக் ராடில் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டும். மேலே கீறல்கூடத் தெரியாது. உள்ளே இழைகள் விரிசல் விட்டிருக்கும். ஆறு மாதம் கழித்து இரண்டு கிலோ மீனுக்கு முறியும்போது, ‘கம்பெனி ஏமாற்றிவிட்டது’ என்று திட்டுவோம்.

இன்னொரு இடம் படகின் விளிம்பு. கடைசி நேரத்தில் மீன் படகுக்கு அடியில் பாயும். ராடு விளிம்பில் சாயும். அந்தத் தொடு புள்ளியே கத்தரிக்கோல். அப்போது செய்ய வேண்டியது எல்லா உள்ளுணர்வுக்கும் எதிரானது: நுனியைத் தண்ணீருக்குள் குத்தி, படகின் முனையைச் சுற்றி நடக்க வேண்டும்.

சாதனைப் புத்தகத்தில் ஏறும் கனவு உள்ளவர்களுக்கு ஒரு உபரித் தகவல். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, ராடு முறிந்து அனுமதித்த அளவுக்குக் கீழே குட்டையானாலோ அதன் தன்மை கெட்டுப்போனாலோ, பிடித்த மீன் கணக்கில் சேராது.

கடையில் நின்றுகொண்டு...

எந்த மீன் என்ற கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். எந்த ஆழம், எவ்வளவு நீரோட்டம் என்பதிலிருந்து தொடங்குங்கள். அது ஜிக்கின் எடையைச் சொல்லும். ஜிக் எடை ராடின் பவரைச் சொல்லும். 200 கிராம் ஜிக்கைத் துள்ளவைக்க முடியாத தடி ராடு கையில் இருந்தால் முரட்டு மீனை எதிர்கொள்ளும் பிரச்சினையே வராது. மீன் கடித்தால்தானே!

ஜிக்குக்கு மிஞ்சிய மென்மையும் ஆகாது. 150 கிராம் ராடில் 300 கிராம் ஜிக்கைத் தொங்கவிட்டால், ராடு பாதி வளைந்தே நிற்கும், உதறல் பிறக்காது. அந்த நிலையில் மீன் கவ்வினால் மிச்சமிருக்கும் வளைவும் தீர்ந்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. கடைக்காரர் அனுமதித்தால் ரீலை மாட்டி, வளையங்கள் வழியாக நூலைக் கோத்து, பாட்டிலைக் கட்டித் தரையிலிருந்து மெல்ல எழுப்புங்கள். ராடு கிடைமட்டத்துக்கு மேலே போகக் கூடாது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வளைவு நுனியில் மட்டும் நிற்கிறதா, அடிவரை சீராக ஓடி வருகிறதா? சீராக ஓடி வருவதே முரட்டு மீனுக்குத் தாங்கும். அடுத்தது, பாட்டில் இல்லாமல் நுனியை ஒரு தட்டுத் தட்டுங்கள். நுனி இரண்டு ஆட்டத்தில் அடங்கினால் நல்லது. நாலைந்து தடவை தள்ளாடினால், அந்தத் தள்ளாட்டமெல்லாம் ஜிக்குக்கும் போகும்.

வளையங்கள் அடியில் மேலே தொடங்கி, நுனிக்குப் போகப் போகச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பக்கம் வந்திருப்பதைச் சில ராடுகளில் பார்க்கலாம். தப்பாகக் கட்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு! மேலே உட்காரும் ரீலில் நூல் ராடின் முதுகில் ஓடும். கனமான மீன் இழுக்கும்போது ராடு பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். நூலைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்தால் அந்த முறுக்கு போய்விடும். முரட்டு மீனுக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடிக்குச்சி கக்கத்தில் இடுங்கும் நீளம் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். உங்கள் உயரம் விளம்பரக்காரருக்குத் தெரியாது. பிறகு, பணத்தை ராடில் கொட்டிவிட்டு ரீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். அண்ணன் சொன்ன அந்த ‘டப்பா’வுக்கு ஒரே வார்ப்பில் செய்த அலுமினியச் சட்டம், நீளமான கைப்பிடி, சுமையிலும் திக்காமல் வழுக்கும் டிராக் மூன்றும் வேண்டும். என்னைக் கேட்டால், நூறு ரூபாய் இருந்தால் அறுபதை ரீலுக்குக் கொடுப்பேன்.

பெட்டிச் செய்தி: கைக்கணக்கு

ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஜிக். 100 மீட்டர் என்றால் 100 முதல் 200 கிராம். நீரோட்டம் வலுத்தால் இன்னும் கூட.

நூல் மெலிந்தால் நீரோட்டம் அதைக் குறைவாகத் தள்ளும். ஜிக் படகுக்கு நேர் கீழே நிற்கும். ஸ்லோ பிட்ச்சுக்குப் பெரும்பாலும் PE 1.5 முதல் 3 வரை.

டிராக், நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு. நூலின் தாங்குதிறன் என்பது அதன் மோசமான முடிச்சின் தாங்குதிறன்!

முரடு பல விதம்

‘பவர்ஃபுல் ஃபிஷ்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கடலில் அது வேறு வேறு குணம். களவா முதல் பத்து மீட்டருக்குள் தன் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். அதற்குள் நிறுத்தினால் மீன், இல்லாவிட்டால் நூலை வெட்ட வேண்டியதுதான். பாறை மீன் பெயருக்கேற்பப் பாறையைத் தேடியே ஓடும். ஜி.டி. என்று தூண்டில்காரர்கள் செல்லமாகச் சொல்லும் பெரும் பாறையின் உலகச் சாதனை எடை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் பிடிபட்டது. ஆம்பர்ஜாக் நிறுத்தி நிறுத்தி, தலையை ஆட்டி, கீழேயே முக்கிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே டாக்டூத் டியூனா. அந்தமானிலும் மாலத்தீவிலும் பவளச் சரிவுகளின் ஓரம் சுற்றும். சூரை மீனின் வேகம், பாறை மீனின் குணம். கவ்வியதும் சரிவின் விளிம்பைப் பார்த்து ஓடும். மெல்லிய PE நூல் பவளத்தில் பட்டால் கதை முடிந்தது. நாற்பது ஐம்பது கிலோ டாக்டூத் சுற்றும் இடத்துக்குத் திட்டமிட்டுப் போகிறவர்கள் ஸ்லோ பிட்ச் ராடை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். PE 5, 6 நூலும் தடித்த பழைய பாணி ஜிக்கிங் ராடும்தான் அதற்கு மரியாதை. மெல்லிய ராடில் பெரிய டாக்டூத் ஏற்றிய வீடியோக்கள் உண்டு. அறுத்துக்கொண்டு போனவற்றை யார் வீடியோவில் போடுகிறார்கள்?

அறுத்துக்கொண்டு போன மீன்

ராடு உடைந்தால் நமக்குப் பணம் போச்சு. மீனுக்கு? என் மீன் 250 கிராம் ஈயத்தையும் இரண்டு ஜோடி முள்ளையும் வாயில் தொங்கவிட்டுக்கொண்டு போனது. ஸ்லோ பிட்ச் ஜிக்கில் தலைக்கு இரண்டு, வாலுக்கு இரண்டு முள். ஒன்று உதட்டில் ஏறினால் இன்னொன்று செவுளையோ கண்ணையோ பதம் பார்க்கும். தாங்காத நூலும் தாங்காத பழக்கமும் சேர்ந்து கடலுக்குள் விட்டுவரும் கணக்கு இது. யாரும் எழுதி வைப்பதில்லை.

பிடித்துவிட்டு விடுவதிலும் சிக்கல் இருக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 100 மீட்டரிலிருந்து மேலே வரும் களவாவின் காற்றுப்பையில் உள்ள காற்று பதினோரு மடங்கு விரியப் பார்க்கும். வயிறு வாய் வழியே பிதுங்கும், கண் வெளியே தள்ளும். ‘ரிலீஸ்’ என்று போட்டோ எடுத்துத் தண்ணீரில் விட்டால் மல்லாந்து மிதக்கும். கழுகுக்கோ சுறாவுக்கோ தீனி. பிதுங்கியிருக்கும் வயிற்றை ஊசியால் குத்துவது இன்னும் மோசம். எதிர்க்கொக்கி (பார்ப்) இல்லாத தூண்டில் முள் ஒன்றைக் கீழுதட்டில் மாட்டி, இரண்டு கிலோ எடையோடு கீழே இறக்கி, ஆழத்தில் ஒரு வெட்டு வெட்டிக் கழற்றிவிட வேண்டும். அழுத்தம் திரும்பியதும் காற்று சுருங்கும், மீன் நீந்தும்.

களவா இனத்தில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெருத்த பிறகு ஆணாக மாறுபவை. ஆக, ‘பெருசு’களை மட்டும் தேடிப் பிடிக்கும் விளையாட்டு ஒரு பாறைத்திட்டின் ஆண்களையெல்லாம் துடைத்துவிடலாம். வலுவான ராடு, பெரிய மீன், நல்ல போட்டோ என்று அடுக்குகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

மறுநாள் அண்ணனின் சொந்த ராடைக் கடன் வாங்கினேன். என்னுடையதைவிட ஒரு பவர் குறைவு, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அதே திட்டு, அதே 250 கிராம். கவ்வியதும் அவர் ஒன்றும் கத்தவில்லை. பின்னாலிருந்து என் முழங்கையை இரண்டு விரலால் கீழே அழுத்தினார். நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்தது. ராடால் ஒரு தடவைகூட எம்பவில்லை, சுற்றினேன், நிறுத்தினேன், சுற்றினேன். ஒன்பது கிலோக் களவா, வயிறு உப்பிக்கொண்டு வந்தது. எடைக்கட்டையில் மாட்டி இறக்கும்போது அண்ணன் நூலின் நிறம் மாறுவதைப் பார்த்து மீட்டர் எண்ணினார். ஐம்பதில் ஒரு வெட்டு. நூல் லேசானது.

சாயங்காலம் ஜெட்டியில் இறங்கியபோது அண்ணனின் பையன் காத்திருந்தான், பத்து வயது இருக்கும். என்னுடைய நாலரை அடிக் குச்சியை அண்ணன் அவனிடம் கொடுத்தார். முறிந்த முனையை அரம் வைத்துத் தேய்த்து, பழைய நுனி வளையம் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

“எதுக்குப்பா இது இவ்ளோ தடியா இருக்கு?” என்றான் பையன்.

“சார் பெரிய மீனுக்கு வாங்கினது” என்றார் அண்ணன், சிரிக்காமல்.